கொத்தலஹிம்புட்டு: கோப்பையில் இருப்பது வெறும் தண்ணீர்தானா?

எமது வீடுகள் பலவற்றில் குசினித் தட்டிலோ தண்ணீர்க் குடத்தின் அருகிலோ மண்ணிறமான ஒரு மரக்கோப்பை இருப்பதைக் காண்கிறோம். இஷாத் தொழுதுவிட்டுப் படுக்கப் போகுமுன் உம்மம்மா அதில் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பார். சுபஹுக்கு எழும்பும்போது அந்தத் தண்ணீர் வெளிறிய தேநீரைப் போல நிறம் மாறியிருக்கும். பிஸ்மில்லாஹ் சொல்லி வெறும் வயிற்றில் அதைக் குடிப்பார். "என்ன மருந்து குடிக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "மருந்தொண்டுமில்ல மகள், கொத்தலஹிம்புட்டுத் தண்ணிதான்" என்பார்.

அடுத்த நாள் அவரைக் கிளினிக்குக் கூட்டிச் செல்கிறீர்கள். "வேறு ஏதாவது மருந்து பாவிக்கிறீர்களா?" என்று டொக்டர் கேட்கிறார். உம்மம்மா இல்லையென்று தலையை ஆட்டுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் அது மருந்தே அல்ல. மரத்தில் ஊறிய தண்ணீர், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு பிழையென்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். கொத்தலஹிம்புட்டு பயனற்றது என்று சொல்ல வரவில்லை. உண்மை அதற்கு நேர்மாறானது. அது வேலை செய்கிறது. வேலை செய்கின்ற ஒரு பொருளை வெறும் தண்ணீர் என்று நினைத்துப் பாவிப்பதுதான் ஆபத்து.

மார்க்கக் கல்வி கற்பிக்கும் ஒருவன் மூலிகையைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு ரமழான் நெருங்கிய வேளையில் என்னிடம் ஓதும் ஒரு பிள்ளையின் தாயார் ஒரு மஸ்அலா கேட்டு அனுப்பியிருந்தார். சஹர் நேரத்தில் கொத்தலஹிம்புட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு நோன்பு பிடிக்கலாமா என்பதே கேள்வி. சஹரில் ஹலாலான எதையும் குடிக்கலாம், தாராளமாகக் குடியுங்கள் என்று பதில் சொல்லி அனுப்பினேன். பதில் சரியானதுதான். ஆனால் கேள்வியின் மறுபாதியை நான் விசாரிக்கவில்லை. அந்தச் சகோதரி தான் வழமையாகப் போடும் குளிசைகளை நிறுத்திவிட்டு, முழு மாதமும் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பி நோன்பிருக்கத் திட்டமிட்டிருந்தார். அவ்வாறே செய்தும் விட்டார். கடைசிப் பத்தில் காலில் ஏற்பட்ட சிறு காயம் ஆறாமல் பழுத்தது. பெருநாளன்று அவர் வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தார். கால் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் "மௌலவி குடிக்கலாம் என்றுதானே சொன்னார்" என்று அவர் வீட்டார் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து இக்கொடியைப் பற்றித் தெரிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் வருகிறேன்.

பெயரிலேயே பாத்திரம்

கொத்தலஹிம்புட்டு ஒரு காட்டுக் கொடி. கொடி என்றவுடன் பாகற்கொடி, புடோல் கொடி போல மெல்லியதாக நினைத்துவிட வேண்டாம். மரங்களில் பற்றிப் படர்ந்து, முற்றும்போது தானே மரம்போல் தடித்து வைரம் பாயும் கொடி இது. எமது நாட்டின் தாழ்நிலக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் வளர்கிறது. தாவரவியலாளர் இதற்கு இட்ட பெயர் சலாசியா ரெட்டிகியுலாட்டா. தமிழ் வைத்திய நூல்களில் பொன்குரண்டி என்ற பெயரில் வருகிறது. வேரின் பட்டை பொன் மஞ்சளாக இருப்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது.

சிங்களத்தில் கொத்தல என்பது தண்ணீர்ப் பாத்திரத்தைக் குறிக்கும் சொல். ஆகவே எந்தப் பாத்திரமாகக் கடையப்படுகிறதோ அதையே தன் பெயரில் சுமந்துகொண்டிருக்கும் கொடி இது. தடித்த தண்டையும் வேரையும் கடைந்து கோப்பை செய்வார்கள். வேரையும் தண்டையும் சீவல்களாக வெட்டி அவித்துக் கஷாயமாகக் குடிப்பதும் உண்டு. இப்போது தேயிலைப் பை போன்ற பைகளிலும், தூளாகவும், வில்லைகளாகவும் பாமசிகளில் கிடைக்கிறது. சீனி வருத்தத்துக்கு இதைக் கொடுப்பது நாட்டு வைத்தியர்களின் பழைய வழக்கம். ஜப்பானியரும் இதன் தேநீரை விரும்பிக் குடிக்கிறார்கள்.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

நாம் சோறோ இடியப்பமோ பாணோ சாப்பிட்டால் அதிலுள்ள மாப்பொருள் அப்படியே இரத்தத்தில் சேர்வதில்லை. முதலில் அது துண்டு துண்டாக உடைய வேண்டும். கடைசியில் குளுக்கோஸ் என்ற மிகச் சிறிய துண்டாகிய பின்னரே சிறுகுடலின் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் போகும். தேநீரில் போடும் சீனியும் அப்படித்தான். அது இரண்டு துண்டுகள் ஒன்றாக ஒட்டிய பொருள். பிரிந்தால்தான் உள்ளே போகும். இந்த வெட்டும் வேலையைச் செய்யும் கத்தரிக்கோல்கள் சிறுகுடலின் சுவரில் இருக்கின்றன. பாடசாலைப் புத்தகங்களில் பிள்ளைகள் நொதியங்கள் என்று படிப்பது இவற்றைத்தான்.

கொத்தலஹிம்புட்டுவில் உள்ள சில பொருட்கள் இந்தக் கத்தரிக்கோல்களின் வாயில் போய் அடைத்துக்கொள்கின்றன. வெட்டு மெதுவாகிறது. ஆகவே சாப்பிட்டவுடன் சீனி குப்பென்று இரத்தத்தில் ஏறாமல் மெல்ல மெல்ல ஏறுகிறது. 1997இல் ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள மருந்தியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் யொஷிகாவாவும் அவரது குழுவினரும் இக்கொடியிலிருந்து அப்படியான ஒரு பொருளைப் பிரித்தெடுத்துச் சலாசினோல் என்று பெயரிட்டார்கள். அடுத்து இன்னொன்றைக் கண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கொட்டாலனோல். எமது கிராமத்துக் கோப்பையின் பெயர் உலக விஞ்ஞானச் சஞ்சிகைகளில் ஏறியது இப்படித்தான்.

ஆங்கில வைத்தியத்தில் அகார்போஸ் என்று ஒரு குளிசை இருக்கிறது. அதுவும் இதே கத்தரிக்கோல்களைத்தான் தடுக்கிறது. உம்மம்மாவின் கோப்பையும் பாமசியின் குளிசையும் ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்கின்றன என்று அறியும்போது "வெறும் தண்ணீர்" என்ற பேச்சுக்கு இடமேது?

இதிலிருந்து விளங்கிக்கொள்ள வேண்டிய ஒரு விடயம், இத்தண்ணீருக்குச் சாப்பாட்டோடுதான் வேலை. காலையில் குடித்துவிட்டுப் பத்து மணிவரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் அந்தக் கத்தரிக்கோல்களிடம் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. தடுப்பதற்கும் எதுவும் இல்லை. குடித்துவிட்டுச் சீனி போட்ட தேநீரும் நெய்ச்சோறும் வட்டிலப்பமும் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று நினைப்பது இன்னொரு பிழை. தாமதமாகிறதே தவிர, சாப்பிட்டதில் பெரும்பகுதி இரத்தத்துக்குப் போகத்தான் போகிறது.

உடையாமல் எஞ்சும் மாப்பொருள் பெருங்குடலுக்குப் போய் அங்கே நுரைக்கும். வயிறு ஊதும், காற்றுப் பிரியும், சிலருக்கு இளகிப் போகும். இப்தாருக்குக் கஞ்சியும் சமோசாவும் சாப்பிட்டு, அதன்மேல் இந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டுத் தராவீஹுக்கு நிற்பவர்களுக்கு நான் சொல்வது நன்றாகவே விளங்கும்! கொஞ்சமாகத் தொடங்கினால் பலருக்கு இத்தொல்லை சில நாட்களில் குறைந்துவிடும். குடல் வருத்தம் உள்ளவர்கள் மட்டும் இதைத் தொடாமலிருப்பது நல்லது.

எமது நாட்டில் நடந்த பரிசோதனை

இது எலிகளிலும் ஆய்வுகூடக் குழாய்களிலும் மட்டும் பார்க்கப்பட்ட விடயமல்ல. எமது நாட்டிலேயே சீனி வருத்தமுள்ள 51 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று 2005இல் வெளியானது. 28 பேருக்கு முதல் மூன்று மாதம் கொத்தலஹிம்புட்டுத் தேநீர்ப் பைகள் கொடுக்கப்பட்டன. பின்னர் மூன்று மாதம் பார்வைக்கு அதைப் போலவே இருந்த, மருந்தில்லாத பைகள். மற்ற 23 பேருக்கு இது தலைகீழாகச் செய்யப்பட்டது. யாருக்கு எப்போது எது என்பது குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. ஒரு மருந்தை நேர்மையாகச் சோதிக்கும் முறை அதுதான்.

மூன்று மாதச் சீனி மட்டத்தைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி. என்ற இரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கிளினிக்கில் கேள்விப்பட்டிருப்பீர்கள். மருந்தில்லாத பைகளைக் குடித்த காலத்தின் முடிவில் அது சராசரியாக 6.65ஆக இருந்தது. கொத்தலஹிம்புட்டுத் தேநீர் குடித்த காலத்தின் முடிவில் 6.29. ஈரலிலோ சிறுநீரகத்திலோ பாதிப்பு எதுவும் அந்த மாதங்களில் தென்படவில்லை.

நல்ல செய்திதான். ஆனால் இலக்கங்களை நிதானமாகப் பாருங்கள். இறங்கியது அரைப் புள்ளிக்கும் குறைவு. அந்த நோயாளிகள் ஏற்கெனவே நல்ல கட்டுப்பாட்டில் இருந்தவர்கள். பத்திலும் பன்னிரண்டிலும் நிற்கும் ஒருவரை இந்தத் தண்ணீர் மட்டும் ஏழுக்குக் கொண்டுவந்துவிடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. "குளிசையே வேண்டாம், இதைக் குடியுங்கள்" என்று பஸ்ஸில் ஏறி வியாபாரம் செய்பவர்தான் அப்படிச் சொல்கிறார்.

இது சிலருடைய பிரச்சினை என்றும் ஒதுக்கிவிட முடியாது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணிப்பின்படி எமது நாட்டில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் அதிகமானோருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் வளர்ந்தவர்களை எண்ணிப் பாருங்கள். சீனி வருத்தக்காரர் 252 பேரிடம் விசாரித்து 2014இல் வெளியான இன்னோர் இலங்கை ஆய்வில், 76 வீதமானோர் ஏதாவது ஒரு மூலிகையையும் சேர்த்துப் பாவிப்பதாகத் தெரியவந்தது.

குளிசையும் கோப்பையும் சேரும்போது

கொத்தலஹிம்புட்டு மட்டும் குடிப்பவருக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. அது வரவைத்தான் தாமதிக்கிறது. ஆனால் கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற குளிசைகளும் இன்சுலின் ஊசியும் இரத்தத்திலுள்ள சீனியை நேரடியாகக் குறைப்பவை. ஒரு பக்கம் வரவு தாமதிக்க, மறுபக்கம் செலவு நடந்துகொண்டிருந்தால் பெட்டி காலியாகும். கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை வடியும், நெஞ்சு படபடக்கும், பசி குடையும், பேச்சுத் தடுமாறும். கவனிக்காவிட்டால் மயக்கம்.

கொத்தலஹிம்புட்டோடு நிறுத்திக்கொள்ளாத வீடுகளும் உண்டு. காலையில் கோப்பைத் தண்ணீர், பகலில் தெபு இலைச் சம்பல், பின்னேரம் பாகற்காய்ச் சாறு, இடையில் யாரோ சொன்ன சிறுகுறிஞ்சான் தூள், அதோடு கிளினிக் குளிசை. ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சீனியை இழுக்கிறது. இத்தனையையும் ஒருவர் உடம்பில் இறக்கிவிட்டு, "இண்டைக்கு ஏனோ தலை சுத்துது" என்று சொன்னால் காரணத்தை யார் கண்டுபிடிப்பது?

இப்போது சொல்வதைத் தயவுசெய்து நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சீனி இறங்கி ஒருவர் தடுமாறினால் நாம் என்ன செய்வோம்? ஓடிப்போய் இரண்டு கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்போம். மற்றவருக்கு அது சரி. கொஞ்ச நேரத்துக்கு முன்பு கொத்தலஹிம்புட்டு குடித்தவருக்கு அது மெதுவாகவே வேலை செய்யும். ஏனெனில் சீனியை வெட்டிப் பிரிக்கும் கத்தரிக்கோலைத்தான் அந்தத் தண்ணீர் அடைத்து வைத்திருக்கிறதே! அகார்போஸ் குளிசை போடுபவருக்கு வைத்தியர்கள் சொல்லும் எச்சரிக்கையும் இதுவே. அவருக்குக் கொடுக்க வேண்டியது குளுக்கோஸ் தூள். அது ஏற்கெனவே வெட்டப்பட்ட துண்டு. அதற்குக் கத்தரிக்கோல் தேவையில்லை. பாமசியில் சிறு பெட்டியாக வாங்கிக் கோப்பை இருக்கும் அதே தட்டில் வைத்துவிடுங்கள். அது கைவசம் இல்லையென்றால் தேன் கொடுக்கலாம். தேனின் இனிப்பில் பெரும்பகுதி பிரிந்த நிலையிலேயே இருக்கிறது. நினைவிழந்தவருடைய வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுக்கப்பட்டிருந்தாலும் டொக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அவர் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்லக்கூடும்.

ரமழானில்

முன்னே சொன்ன சகோதரியின் கேள்விக்கு அன்று நான் சொல்லாமல் விட்ட பாதியை இப்போது சொல்கிறேன்.

சஹரில் இத்தண்ணீரைக் குடிப்பதில் மார்க்கத் தடை எதுவும் இல்லை. ஆனால் நோன்பு மாதத்தில் உங்கள் சாப்பாட்டு நேரம் தலைகீழாகிறது. ஆகவே குளிசையின் நேரமும் அளவும் மாற வேண்டும். அதை மாற்ற வேண்டியவர் உங்கள் வைத்தியர். ரமழானுக்கு ஆறு, எட்டு வாரங்களுக்கு முன்பே, அதாவது ரஜபிலேயே கிளினிக்கில் இதைக் கதையுங்கள். தலைப்பிறை தெரிந்த பிறகு கேட்பதற்கு இது பிறை விவகாரமல்ல. கிளிபென்கிளமைட் போன்ற குளிசை பாவிப்பவர்களுக்குப் பின்னேரம் அஸர் நேரத்தில் சீனி இறங்கும் பயம் கூடுதலாக இருக்கிறது. அவ்வாறானவர்களின் மருந்தை வைத்தியர் மாற்றியமைப்பார். கோப்பைத் தண்ணீரும் குடிக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் அவருடைய கணக்குச் சரியாக வரும்.

நோன்போடு இருக்கும்போது விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனியைப் பார்ப்பதால் நோன்பு முறியாது. சிலர் முறியும் என்று பயந்து பார்க்காமலே இருந்துவிடுகிறார்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது இத்துறை வைத்தியர்களின் வழிகாட்டல். மஃரிபுக்குப் பத்து நிமிடம்தானே இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் அனுமதியை அல்பகரா அத்தியாயத்திலே அல்லாஹ்வே தந்திருக்கிறான். அவன் தந்த சலுகையை எடுத்துக்கொள்வது ஈமானின் குறைவாகாது. நிரந்தரமாகவே முடியாதவருக்கு பித்யா இருக்கிறது. சில தாய்மார் இதைக் கேட்கவும் வெட்கப்படுகிறார்கள். அவர்களுக்காக அவர்களுடைய பிள்ளைகளாவது கேட்கட்டும்.

கர்ப்பிணிகள் தொட வேண்டாம்

இக்கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் வாசிப்பேன் என்று யாராவது சொன்னால், அவர் இதை வாசிக்கட்டும்.

இப்போது கர்ப்ப காலத்தில் பல பெண்களுக்குச் சீனி கூடுகிறது. கிளினிக்கில் பரிசோதித்துச் சொன்னவுடன் வீட்டில் பதற்றம். இன்சுலின் ஊசி போடச் சொன்னால் பதற்றம் இரட்டிப்பாகும். "பிள்ளத்தாச்சிக்கு ஊசியா? அது குழந்தைக்குக் கூடாது. எங்கட மரக் கோப்பையில ஊத்திக் குடி, அது ஒண்டும் செய்யாது" என்று மாமியோ பெரியம்மாவோ அன்போடுதான் சொல்வார். மருமகளும் மறுத்துப் பேசமாட்டாள்.

2003இல் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரத்னசூரியவும் அவரது சகாக்களும் கர்ப்பமான எலிகளுக்குக் கொத்தலஹிம்புட்டு வேரின் சாரத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கருப்பையில் பற்றிய கருக்கள் அதிகமாக அழிந்தன. பிறந்த குட்டிகளின் நிறை குறைந்திருந்தது. அவற்றில் பல பிழைக்கவும் இல்லை. கொடுத்த அளவு பெரியது, எலி மனிதனல்ல என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் கர்ப்ப காலத்தில் பெண்கள் இதைப் பாவிக்கக் கூடாது என்றே அந்த ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள். ஒரு தாய் தன் வயிற்றுப் பிள்ளையை வைத்து அந்த அளவைச் சோதித்துப் பார்க்க முடியுமா?

இன்சுலின் எமது உடம்பிலேயே சுரக்கும் பொருள். ஊசியாகப் போடும்போது அது தாயின் இரத்தத்தில் வேலை செய்கிறது. கர்ப்பிணிகளின் சீனிக்கு வைத்தியர்கள் நம்பிக் கொடுப்பது அதைத்தான். பயந்து ஒதுக்குவதை எடுக்க வேண்டும். பயமில்லாமல் எடுப்பதை ஒதுக்க வேண்டும். எமது வீடுகளில் இது மாறி நடக்கிறது.

குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களும் இதை நிறுத்திவிடுவதே நல்லது. கரு தங்கியிருப்பது பல நேரங்களில் ஐந்து, ஆறு வாரம் கழிந்த பின்னரே தெரியவருகிறது. பால் கொடுக்கும் தாய்மாரும் தவிர்த்துக்கொள்ளட்டும். வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் கோப்பையைக் காட்டிக் கேட்டால் அவர் ஏசமாட்டார்.

சிறு பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்கும் வரும் சீனி வருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பலருடைய உடம்பில் இன்சுலினே சுரப்பதில்லை. கொத்தலஹிம்புட்டுவால் இன்சுலினை உண்டாக்க முடியாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஊசியை நிறுத்திவிட்டு மூலிகைத் தண்ணீர் கொடுத்தால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். இதில் தயவு தாட்சண்யம் இல்லை.

கோப்பை வாங்குமுன்

இந்தக் கொடி மெதுவாகத்தான் வளரும். கோப்பை கடையுமளவுக்குத் தடிக்கப் பல வருடங்கள் ஆகும். வேரைத் தோண்டினால் கொடியே போய்விடுகிறது. கேள்வி கூடியதால் காடுகளில் இது அருகிப் போயிருக்கிறது. அருகிய பொருளுக்குப் போலி வருவது வியாபாரத்தின் இயல்பு. ஹிம்புட்டு என்ற பெயரில் இதே இனத்தைச் சேர்ந்த வேறு கொடிகளும் இருக்கின்றன. கடைந்து மினுக்கிய பிறகு எந்த மரம் எதுவென்று கண்ணால் சொல்வது கஷ்டம். தெருவோரத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காமல், பெயரும் முகவரியும் அச்சிட்டு விற்கும் இடத்தில் வாங்குங்கள். அல்லது ஆயுர்வேத மருத்துவச் சபையில் பதிவுபெற்ற வைத்தியரிடம், ஹகீமிடம் கேட்டுப் பெறுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ராஜகிரிய வளாகத்தில் ஆயுர்வேதத்தோடு யூனானியும் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கே படித்து வந்தவர்கள் எம் மத்தியிலும் இருக்கிறார்கள். பதிவில்லாத ஒருவரைத் தேடிப் போக வேண்டிய தேவையில்லை.

கிளினிக்குப் போகும் நாளில் குளிசை உறைகளோடு இந்தக் கோப்பையையும் பைக்குள் போட்டுக்கொண்டு போங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் காட்டலாம். எப்போது குடிக்கிறீர்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் கிளினிக் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். குடிக்கத் தொடங்கிய மாதத்திலும் நிறுத்திய மாதத்திலும் சீனியை ஒரு தடவை கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் கோப்பை முடிந்ததென்று திடீரென நிறுத்திவிட்டு, சீனி ஏன் ஏறியதென்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

கோப்பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம். மரம் அதையும் குடித்துக்கொள்ளும். வெறும் தண்ணீரில் அலம்பிக் கவிழ்த்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். கறுப்போ பச்சையோ படிந்திருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதென்றாலும் எறிந்துவிடுங்கள். நாள் போகப் போகத் தண்ணீரின் நிறம் வெளிறிக்கொண்டே வரும். இரவு முழுவதும் ஊறியும் தண்ணீர் நிறம் மாறவில்லையென்றால் மரத்திலிருந்த மருந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நாளிலிருந்துதான் அதில் இருப்பது உண்மையிலேயே வெறும் தண்ணீர். உம்மம்மாவுக்கு அதை எறிய மனம் வராவிட்டால் கரண்டி போட்டு வைக்கக் கொடுத்துவிடுங்கள்.